கறுப்புப் படங்களும் கறுப்புப் பட்டியலும்

1940 களிலும் 1950 களிலும் ஹொலிவூட்டில் உருவாகிய 'கறுப்புப் படங்கள்' பற்றி நண்பர்களிடையே பேச்செழும்போதெல்லாம் இரு சாரார் எதிரெதிரே நிற்பதைக் கண்டிருக்கிறேன். ஒரு சாரார் பக்தர்கள். சரிந்த தொப்பி, சுருண்டெழும் சிகரெட்டுப் புகை, மழையில் நனைந்த தெரு, யன்னற் சட்டங்களினூடே சுவரில் விழும் கோடுகோடான நிழல்: இவையே அவர்களுக்கு வேதம். மறு சாரார் நம்மவர்கள், முற்போக்காளர்கள். கொலையும் சூதும் காமமும் தோல்வியும் தவிர இப்படங்களில் என்ன இருக்கிறது, இவை நலிந்துவரும் முதலாளித்துவத்தின் நச்சுப் பூக்கள் அல்லவா என்று கேட்டுவிட்டு எழுந்து போய்விடுவார்கள்.

இவ்விரு சாராரோடும் எனக்கு வழக்குண்டு. நான் நடுநிலையாளன் அல்லன், இப்படங்களின் இரசிகன். அவ்வுரிமையுடனேயே கூறுகிறேன்: பக்தரும் பகைவரும் செய்யும் தவறு ஒன்றே. இரு சாராரும் படத்தை, அதனைப் படைத்த மனிதரிடமிருந்தும் அம்மனிதர் வாழ்ந்த சமுதாயத்திலிருந்தும் பிரித்தெடுத்து விடுகின்றனர். ஒருவர் நிழலை வணங்குகிறார். மற்றவர் நிழலைக் கண்டு முகஞ்சுளிக்கிறார். அந்நிழல் எதனுடைய நிழல் என்று இருவரும் கேட்பதில்லை.

'ஃபில்ம் நுவார்' என்ற பெயரை இப்படங்களுக்கு முதலில் வழங்கியவர்கள் அமெரிக்கர் அல்லர். ஜெர்மானிய ஆக்கிரமிப்பு நீங்கிய பின்னர், போர்க்காலத்தில் வந்து சேராத அமெரிக்கப் படங்கள் பாரிஸ் நகருக்கு ஒருங்கே வந்திறங்கின. அவற்றைக் கண்ட நினோ பிராங்க் என்ற விமர்சகர் 1946 ஆம் ஆண்டில் இச்சொல்லைக் கையாண்டார். ஆனால், அக்கறுப்பு ஹொலிவூட்டின் வெயிலில் தானாக முளைத்ததன்று. ஹிட்லர் பதவியேறிய 1933 ஆம் ஆண்டில் ஜெர்மனியை விட்டு வெளியேறிய பிறிட்ஸ் லாங், பில்லி வைல்டர், றொபேட் சியோட்மாக் ஆகியோர் தம்மோடு கொண்டு வந்த அச்சத்தின் நிறம் அது. தொழிலாளர் போராட்டங்களை முறியடிக்கப் பயன்பட்ட பிங்கேட்டன் துப்பறியும் நிறுவனத்தில் ஒருகாலத்திற் பணிபுரிந்து, அதன் உள்ளும் புறமும் அறிந்து, பின்னர் இடதுசாரியாகிய டாஷியல் ஹமெற்றின் எழுத்திலிருந்து வந்த நிறமும் அதுவே. ஹமெற்றின் நாவலை 1941 இல் 'த மோல்டீஸ் ஃபல்கன்' எனப் படமாக்கினார் ஜோன் ஹியூஸ்டன். அதில் நடித்த ஹம்பிறி போகாட்டின் தொப்பியை எல்லோரும் அறிவர். கதையை எழுதியவர் 1951 இல், குடியுரிமைக் காங்கிரஸின் பிணைநிதிக்குப் பணம் தந்தோரின் பெயர்களைக் கூற மறுத்துச் சிறை சென்றார் என்பதை எத்தனை பேர் அறிவர்?

முதலில் பக்தர்களைக் கேட்கிறேன். நிழலுக்கென ஒரு தனி மேன்மை உண்டென்று நீங்கள் கருதுகிறீர்கள். அவ்வாறாயின் ஆர்.கே.ஓ. கலையகத்தின் கதையைக் கேளுங்கள். 1947 இல் அங்கு 'குறொஸ்ஃபயர்' என்ற படம் உருவாகியது. யூத வெறுப்பினால் மட்டுமே ஒரு மனிதனைக் கொன்றுவிடும் இராணுவத்தினனாக றொபேட் றயன் அதில் நடித்தார். படத்தை இயக்கிய எட்வேட் டிமிட்றிக்கும் தயாரித்த ஏட்றியன் ஸ்கொற்றும் அவ்வாண்டின் இறுதிக்குள் அதே கலையகத்தினால் வேலைநீக்கம் செய்யப்பட்டனர். 'அமெரிக்க விரோத நடவடிக்கைகளை' விசாரிக்கவெனப் பிரதிநிதிகள் சபை அமைத்த குழுவின் முன் அவர்கள் பதில் கூற மறுத்தமையே குற்றம். இரண்டே ஆண்டுகளின் பின், 1949 இல், அக்கலையகம் 'ஐ மரீட் எ கொம்யூனிஸ்ட்' என்ற படத்தை வெளியிட்டது. கட்சிக்காரர் அனைவரையும் கொலைகாரராகக் காட்டும் அப்படத்திலும் நாயகன் அதே றொபேட் றயன். ஒளிப்பதிவாளரோ, 1947 இல் வெளிவந்து இன்றும் இரசிகர் உருகிப் பேசும் 'அவுட் ஒவ் த பாஸ்ற்' படத்தை ஒளிப்பதிவு செய்த நிக்கொலஸ் முசுராக்கா. கலையகம் அது, நடிகர் அவர், ஒளியும் நிழலும் அவையே. ஒன்று இனவெறியைச் சுட்டியது; மற்றொன்று வேட்டைக்காரருக்கு விளக்குப் பிடித்தது. உருவத்தை மட்டும் தராசில் வைப்பவரால் இவ்விரண்டையும் வேறுபடுத்த முடியாது. இதுவோ இரசனை?

இனி நம்மவர்களிடம் வருவோம். நம்பிக்கையூட்டும் கதாநாயகன் இல்லை, தொழிலாளி தலைநிமிர்ந்து நடக்கும் காட்சி இல்லை; ஆகவே இப்படங்கள் பிற்போக்கானவை என்பது அவர்களது தீர்ப்பு. தோழர்களே, 1944 இல் பில்லி வைல்டர் இயக்கிய 'டபிள் இன்டெம்னிற்றி'யை ஒருமுறை பொறுமையோடு பாருங்கள். காப்புறுதி விற்பனையாளன் ஒருவன், வாடிக்கையாளனின் மனைவியோடு கூடி அவனைக் கொல்கிறான். புகையிரத விபத்தில் இறந்தால் இருமடங்கு பணம் என்பது ஒப்பந்தத்திலுள்ள ஒரு வாசகம். அவ்வாசகத்திலிருந்தே கொலை பிறக்கிறது. மனித உயிருக்கு விலை குறிப்பது ஒரு நிறுவனத்தின் அன்றாட அலுவலாயிருக்கும் உலகில், அதன் ஊழியன் ஒருவன் அவ்விலையைத் தானே வசூலிக்க முற்படுவதில் வியப்பென்ன?

படத்தின் தொடக்கத்தில் ஒரு சிறு காட்சி வருகிறது. குண்டடிபட்ட விற்பனையாளன் நள்ளிரவில் அலுவலகத்துக்கு வருகிறான். மின்தூக்கியை இயக்கும் முதியவர் அவனோடு பேச்சுக் கொடுக்கிறார். தமது இருதயத்தில் ஏதோ கோளாறென்று சொல்லி நிறுவனம் தமக்குக் காப்புறுதி வழங்கவில்லை என்கிறார். ஆயுள் முழுவதும் அக்கட்டடத்தில் மேலுங் கீழும் போய்வந்த மனிதருக்கு அக்கட்டடம் விற்கும் பொருள் கிடையாது! மேலே, வரிசை வரிசையாகக் கிடக்கும் வெற்று மேசைகளின் நடுவே துப்புரவுப் பணியாளர் வேலை செய்துகொண்டிருக்கின்றனர். பிறெட் மக்மரேயின் வியர்வையையும் பார்பரா ஸ்டான்விக்கின் கணுக்காற் சங்கிலியையும் கண்டவர் பலர். இம்முதியவரைக் கண்டவர் சிலர். எட்வேட் ஜி. றொபின்சன் ஏற்ற பாத்திரமோ இன்னும் நுட்பமானது. நேர்மையும் மனிதாபிமானமும் மிக்க அந்த அதிகாரி, தற்கொலைகளை இனம் வாரியாகப் பிரித்த புள்ளிவிபரங்களை மூச்சுவிடாமல் ஒப்புவிக்கிறார். நல்ல மனிதனின் நாவிலும் நிறுவனம் எவ்வாறு குடியேறுகிறது என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டிய படங்கள் அதிகமில்லை. தலைநிமிர்ந்த நாயகன் இங்கில்லைதான். நோயை உள்ளபடி காட்டுபவனிடம், மருந்து எங்கே என்று கேட்டு அவனை விரட்டுவது யதார்த்தவாதம் ஆகாது.

எனினும் இத்துறையில் என் உள்ளத்தைப் பெரிதும் கவர்ந்தது, ஏப்ரகாம் பொலன்ஸ்கி எழுதி இயக்கி 1948 இல் வெளிவந்த 'ஃபோர்ஸ் ஒவ் ஈவில்' என்னும் படமே. அது வோல் ஸ்ரீற் வீதியை உயரத்திலிருந்து நோக்குவதுடன் தொடங்குகிறது. சூதாட்டத் தலைவன் ஒருவனுக்கு வழக்கறிஞனாயிருப்பவன் ஜோ மோர்ஸ். ஏழைகள் சில்லறைக் காசு கட்டி விளையாடும் இலக்கச் சூதை நடத்தும் சிறு நிலையங்கள் நகரெங்கும் உள்ளன. அமெரிக்கச் சுதந்திர தினமாகிய ஜூலை 4 ஆம் திகதி, மூடநம்பிக்கையினாற் பெருந்தொகையானோர் 776 என்ற இலக்கத்திற்குப் பணம் கட்டுவது வழக்கம். அன்று அவ்விலக்கமே விழும்படி சூழ்ச்சி செய்தால் சிறு நிலையங்கள் யாவும் ஒரே நாளில் முறிந்துவிடும்; பின்னர் அவை அனைத்தையும் தலைவன் விழுங்கி விடலாம். அத்தகைய சிறு நிலையமொன்றை நடத்துபவன் ஜோவின் தமையன் லியோ. தம்பியைப் படிக்க வைத்தவனும் அவனே.

ஏகபோகம் உருவாகும் விதத்தைப் பொருளாதார நூல்களிற் படித்திருக்கிறோம். சுதந்திரப் பிரகடனத்தின் ஆண்டே சூதாட்ட இலக்கமாகி, அவ்விலக்கமே சிறியோரை அழித்துப் பெரியோரைக் கொழுக்க வைக்கும் இப்படத்தில் அதனைக் கண்ணாற் காண்கிறோம். சூதுக்கும் சட்டபூர்வமான வியாபாரத்துக்கும் இடையிலுள்ள சுவர் எவ்வளவு மெல்லியது என்பதைக் காட்டவே வழக்கறிஞனின் அலுவலகம் வோல் ஸ்ரீற்றில் வைக்கப்பட்டது. லியோ கொல்லப்படுகிறான். பெரும்பாலத்தின் அடியில், ஆற்றங்கரைக் கற்களின்மீது கிடக்கும் தமையனின் உடலைத் தேடி, விடியற்பொழுதில் ஜோ படிப்படியாகக் கீழே இறங்குகிறான். கதையின் முடிவில் அவன் அதிகாரிகளை நாடுவது தணிக்கைக்குக் கொடுத்த விலையாக இருக்கலாம். ஆனால், அந்த இறக்கத்துக்கு எத்தணிக்கையும் உறைபோட முடியவில்லை.

ஜோ மோர்ஸாக நடித்தவர் ஜோன் கார்ஃபீல்ட். 1913 இல் நியூயோர்க்கின் வறிய யூதக் குடும்பமொன்றிற் பிறந்து, 1930 களின் 'குறூப் தியேட்டர்' நாடகக் குழுவிற் பயின்று, திரைக்கு வந்தவர். அவருக்குப் பின்வந்து புகழ்பெற்ற நடிகர் பலரின் நடிப்புக்கு அவரே முன்னோடி எனத் துணிந்து கூறலாம். ஆசையும் வெட்கமும் ஒரே கணத்தில் அம்முகத்திற் போராடும். 1947 இல் வெளிவந்த 'பொடி அன்ட் சோல்' படத்தில் அவர் குத்துச்சண்டை வீரன். பணத்துக்காகத் தோற்றுவிட ஒப்புக்கொண்டவன், இறுதிச் சுற்றில் அதனை உதறி வென்று விடுகிறான். அதே படத்தில், மூளையிற் காயமுற்றும் முதலாளிகளால் ஏமாற்றப்பட்டும் இறந்துபோகும் கறுப்பின வீரனாக நடித்தவர் கனடா லீ. உண்மையில் முன்னாட் குத்துச்சண்டை வீரரான அவர், கறுப்பின மக்களின் உரிமைகளுக்காக மேடைதோறும் குரல் கொடுத்தவர்.

அப்படத்தின் இறுதிக் காட்சி குறித்து ஒரு பிணக்கு எழுந்தது. நாயகன் கொல்லப்பட வேண்டும் என்பது இயக்குநர் றொபேட் றொஸனின் விருப்பம். அவன் நிமிர்ந்து நடந்து செல்ல வேண்டும் என்பது எழுத்தாளர் பொலன்ஸ்கியின் பிடிவாதம். பொலன்ஸ்கி வென்றார். பின்னர் நிகழ்ந்தவற்றைப் பாருங்கள். 1951 இல் விசாரணைக் குழுவின் முன் பொலன்ஸ்கி வாய்திறக்க மறுத்தார். தம் பெயரில் அடுத்த படத்தை இயக்க அவர் 1969 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. றொஸனும் 1951 இல் மறுத்தார். இரு ஆண்டுகள் தொழிலின்றித் தவித்தபின், 1953 இல், ஐம்பதுக்கு மேற்பட்ட பெயர்களைக் கொடுத்தார். சிறை மீண்ட டிமிட்றிக் 1951 இல் கொடுத்தார். ஸ்டேர்லிங் ஹெய்டனும் அவ்வாண்டில் கொடுத்தார். கொடுத்ததற்காக வெட்கப்படுவதாகப் பிற்காலத்தில் தம் நூலில் எழுதினார். 1947 இல் வொஷிங்டனுக்கு விமானமேறிச் சென்று கண்டனக் குரலெழுப்பிய போகாட், அடுத்த ஆண்டே தாம் கம்யூனிஸ்ட் அல்லர் எனச் சஞ்சிகையொன்றிற் கட்டுரை எழுதினார்.

கார்ஃபீல்ட் 1951 ஏப்பிரலில் அக்குழுவின் முன் நின்றார். எவரையும் காட்டிக் கொடுக்கவில்லை. ஹொலிவூட்டின் கதவுகள் அடைபட்டன. 1952 மே 9 ஆம் திகதி, பட்டியலிடப்பட்டுத் தொழிலிழந்த கனடா லீ காலமானார். பன்னிரண்டு நாட்களின் பின், மே 21 ஆம் திகதி, கார்ஃபீல்டின் இருதயம் நின்றது. அவருக்கு வயது 39. ஒரே படத்தில் அருகருகே நின்ற இருவர், இரு வாரத்துக்குள் மறைந்தனர்.

கலையைப் பற்றிப் பேச வந்து கலைஞரின் வாழ்க்கையைப் பேசுகிறாயே என்று பக்தர் குறுக்கிடுவர். காட்டிக் கொடுத்தவரின் படங்களைப் பார்க்கக் கூடாதா என்று நம்மவருட் கடுமையானோர் கேட்பர். இரண்டுக்கும் விடை ஒன்றே. படங்கள் இருக்கட்டும், எல்லாவற்றையும் பார்ப்போம். பசியும் அச்சமும் மனிதனை வளைக்கும் என்பதை இப்படங்களே நமக்குக் கற்பித்திருக்கையில், வளைந்தவர்மீது கல்லெறிய நான் அவசரப்படவில்லை. ஆனால், வளையாதவரின் பெயரை மறைத்துவிட்டு நிழலை மட்டும் கொண்டாடும் இரசனை, அவர்களின் பெயர்களைத் திரையிலிருந்து அழித்தவரின் வேலையையே தொடர்ந்து செய்கிறது. 1959 இல் வெளிவந்த 'ஒட்ஸ் அகெய்ன்ஸ்ற் ருமோறோ' படத்தைப் பொலன்ஸ்கி எழுதினார்; திரையில் இன்னொருவர் பெயரே வந்தது. உண்மைப் பெயர் முறைப்படி மீட்கப்பட்டது 1996 இற்றான்.

ஆசிரிய நண்பர்களே, மாணவத் தோழர்களே! இப்படங்களை உங்கள் மன்றங்களிற் காட்டுங்கள். நிழலின் அழகை வாயாரப் புகழுங்கள்; நானும் உங்களோடு சேர்ந்து புகழ்வேன். விளக்கு ஏற்றப்பட்டதும் மட்டும் உடனே கலைந்து போய்விடாதீர்கள். எழுதியவர் யார், எழுதியும் பெயரிழந்தவர் யார், இப்படத்தின் பின் அவருக்கு நேர்ந்தது யாது என்று எவரேனும் ஒருவர் எழுந்து சொல்லட்டும். ஜோன் கார்ஃபீல்டுக்கும் கனடா லீக்கும் இரசிகராகிய நாம் பட்டிருக்கும் கடன் அது.