செம்புக்கு எதுக்குங்க வெள்ளிச் சட்டை?

போன ஞாயித்துக்கெழமை மத்தியானம் சாப்பிட்டுட்டு சித்த கண்ணசரலாம்னு படுத்தேன். வாசல்ல பைக் சத்தம். நம்ம தம்பி ஒருத்தர், இங்க மதுக்கரைக்காரர்தான். போன வருசம் பரிச்சை எழுதி ஹாம் ரேடியோ லைசென்ஸ் வாங்கினவர். கையில ஒரு மஞ்சப்பை, அதுக்குள்ள ரெண்டு பித்தளைத் தகடு, நியூஸ்பேப்பர்ல சுத்தின ஒரு பழுப்பு பாட்டில்.

"ஏனுங்ணா, வெள்ளி முலாம் நம்ம வீட்லயே போட்டுக்கலாமுங்ளா?"

பாட்டில்ல சில்வர் நைட்ரேட். தம்பி 145 மெகாஹெர்ட்ஸுக்கு, நாங்க ரெண்டு மீட்டர்னு சொல்ற பேண்டுக்கு, ஒரு ஆம்ப்ளிஃபயர் கட்டிட்டு இருக்கார். உள்ள இருக்கற உலோகமெல்லாம் வெள்ளி பூசியிருந்தாத்தான் பவர் வரும்னு எங்கியோ படிச்சிருக்கார். அதோட விட்டிருந்தா பரவால்ல. "இது சரிப்படலீன்னா டவுன்ல நகைப்பட்டறையில ஒருத்தரைத் தெரியுமுங்ணா. சயனைடு கொஞ்சூண்டு வாங்கித் தர்றேன்னிருக்காரு"ன்னார்.

எனக்குத் தூக்கம் போச்சு.

தம்பி வீடு எனக்குத் தெரியும். மாடிப்படிக்குக் கீழதான் அவர் பட்டறை. அந்தப் பக்கம் சமையக்கட்டு, பொடக்காளியில கெணறு, வீட்டுக்குள்ள மூணு வயசுல ஒரு வாலு. அது கைக்கு எட்டாத இடம்னு அந்த வீட்ல ஒண்ணுமே கிடையாது.

இந்த வெள்ளி ஆசை எங்க ஆளுங்க எல்லாருக்கும் ஒரு காலத்துல வரும். எனக்கும் வந்துச்சு. பழைய மிலிட்டரி செட்டைத் தொறந்தா உள்ள காயிலெல்லாம் வெள்ளைவெளேர்னு மின்னும். அவன் போட்டிருக்கான்னா சும்மாவா போட்டிருப்பான்னு தோணும். சும்மா போடலைதான். ஆனா அவன் காரணம் வேற, நம்ம காரணம் வேற. ஹாம் ரேடியோ பழக்கம் இல்லாத பதிவர்களும் வருவீங்கங்கறதால கொஞ்சம் விளக்கிடறேன், பொறுத்துக்கங்க.

மின்சாரம் கம்பிக்குள்ள முழுசா நெறைஞ்சு ஓடும்னு படிச்சிருப்போம். வீட்டுக் கரண்ட்ல கிட்டத்தட்ட அப்படித்தான். அலைவரிசை ஏற ஏற அது தோலோரமா ஒதுங்கிரும், காய்ச்சின பால்ல ஆடை மேலாப்புல நிக்கற மாதிரி. செம்புல 7 மெகாஹெர்ட்ஸ்னா 25 மைக்ரான் ஆழம். 145-ல அஞ்சரை மைக்ரான்தான். நாம ஜெராக்ஸ் எடுக்கற தாளே சுமார் 100 மைக்ரான் கனம். அதுல இருவதுல ஒரு பங்கு தோலுக்குள்ளயே பெரும்பங்கு கரண்ட் போயிருது. அப்ப அந்தத் தோல் என்ன உலோகம்ங்கறது முக்கியந்தானே? முக்கியந்தான். கேள்வி, எவ்வளவு முக்கியம்ங்கறது.

செம்பை விட வெள்ளி ஆறு சதம் வரைக்கும் நல்லாக் கடத்தும். ரேடியோ அலையில அந்த லாபமும் முழுசாக் கிடைக்காது, வர்க்கமூலம் வந்து பாதியாக்கிரும். கடைசியில மிஞ்சறது மூணு சதத்துக்கும் கம்மி. அதுவும் மொத்த பவர்ல மூணு சதம் இல்லைங்க, சூடா வீணாகறதுல மூணு சதம்.

கணக்காப் பாருங்க. 400 வாட் ஓடற ஒரு செம்புக் காயில்ல ஒரு 19 வாட் சூடாப் போகுதுன்னு வச்சுக்குவோம். வெள்ளி பூசினா 18½ வாட் போகும். அரை வாட் மிச்சம்! அந்தப் பக்கம் கேக்கறவர் மீட்டர்ல முள் ஒரு கோடு நகரணும்னா பவரை நாலு மடங்காக்கணும். இந்த அரை வாட்டுக்கு முள் மூச்சுக்கூட விடாது.

1942-ல அமெரிக்காக்காரன் அணுகுண்டுக்கு யுரேனியம் பிரிக்க ராட்சசக் காந்தம் கட்டினப்ப, அரசாங்கக் கஜானாவுல இருந்து 13,000 டன்னுக்கு மேல வெள்ளியைக் கடன் வாங்கிக் காயில் சுத்தினான். வெள்ளி ஒசத்தின்னு இல்லை, போர்க்காலத்துல செம்பு தட்டுப்பாடு. செம்பு கிடைக்காம வெள்ளிக்குப் போனவன் அவன்! கணக்கு வச்சுத் திருப்பிக் குடுத்ததுல கடைசித் தவணை 1970-ல போய்ச் சேந்துச்சு. நம்ம பக்கம் வெள்ளின்னா சேலத்துக் கொலுசுதான். அது அங்கியே இருக்கட்டும்.

ஆனா தம்பி கொண்டாந்தது செம்பு இல்லை, பித்தளை. இங்கதான் அவர் பக்கமும் கொஞ்சம் நாயம் இருக்கு. பித்தளை செம்புல கால்வாசிக்குச் சித்த மேலதான் கடத்தும். ரேடியோ அலையில வீண் சூடு கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு. பித்தளை மேல நல்ல கனத்துல வெள்ளி போட்டா அந்தச் சூட்டைப் பாதியாக் கொறைக்கலாம். அதுக்குத்தான் கம்பெனிக்காரனும் மிலிட்டரிக்காரனும் போட்டான். அதோட உருளற காண்டாக்ட், விரல் மாதிரி அழுத்திப் பிடிக்கற ஸ்பிரிங் இதுக்கெல்லாம் வெள்ளி நல்லது.

நான் கேட்டது ஒண்ணுதான். "தம்பி, பித்தளை மேல வெள்ளி போடறதுக்குப் பதிலா பித்தளையைத் தூக்கிப் போட்டுட்டுச் செம்புத் தகடு வாங்கினா என்னங்க?"

தம்பி கொஞ்ச நேரம் பேசல. "அதுல ஒரு கெத்து இல்லீங்ளேண்ணா"ன்னார் :-)

வாஸ்தவம். பாதிப்பேர் வெள்ளி போடறது அந்தக் கெத்துக்குத்தான். ஒத்துக்கிட்டா சண்டையே இல்லை.

கெத்துக்காக நான் பண்ணின கூத்தையும் சொல்லிடறேன். ரொம்ப வருசத்துக்கு முன்னால, எக்ஸ்ரேயெல்லாம் ஃபிலிம்ல எடுத்த காலத்துல, ஒரு லேப்ல கழிச்சுப் போட்ட ஃபிக்ஸர் தண்ணியைக் கேன்ல வாங்கியாந்து செம்புக் காயிலை முக்கினேன். ஃபிலிம்ல இருந்து கரைஞ்ச வெள்ளி அந்தத் தண்ணியில இருக்கும். பத்து நிமிசத்துல காயில் வெள்ளையாச்சு. ஒரே குஷி. துணி போட்டுத் தேச்சேன், பாதி துணியோட வந்துருச்சு. ஏன்னு அப்புறந்தான் புரிஞ்சது. கரண்ட் குடுக்காம முக்கி எடுக்கற முறையில, செம்பு கரைஞ்சு விட்ட இடத்துலதான் வெள்ளி வந்து உக்காரும். மேல் முழுக்க வெள்ளி மூடிருச்சுன்னா அடியில செம்பு கரைய வழியில்லை, வேலை நின்னு போகும். ஒரு மைக்ரான் கூடத் தேறாது. கரண்ட் ஓடறது அஞ்சரை மைக்ரான் ஆழத்துல. அப்ப அது முலாம் இல்லைங்க, பவுடர் பூச்சு.

சரி, கரண்ட் குடுத்தே போடலாமேன்னா, கணக்கு என்னமோ எளிசுதான். ஒரு ஆம்பியர் கரண்ட் ஒரு மணி நேரம் ஓடினா நாலு கிராம் வெள்ளி படியும். ஒரு காலத்துல ஆம்பியருக்கு அளவு வச்சதே இத்தனை நேரத்துல இத்தனை வெள்ளிங்கற கணக்குலதான். 100 சதுர சென்டிமீட்டர் தகட்டுக்கு 10 மைக்ரான் கனம் வேணும்னா ஒரு கிராம்தான் செலவு. வெள்ளிச் செலவு பெரிசில்லை. வெள்ளி கெட்டியா, வழவழன்னு, உரியாம படியணுமே, அதுக்குத்தான் பட்டறைக்காரங்க காலங்காலமாச் சயனைடுத் தொட்டி வச்சிருக்காங்க. முலாம் போடறதுக்கு முன்னால உலோகத்தைச் சுத்தம் பண்ண ஆசிட் வேணும். ஆசிட்டும் சயனைடும் சேந்தா வர்ற வாயு, மூக்குல ஏறினது தெரியறதுக்கு முன்னாலயே ஆளைச் சாய்ச்சுரும். பட்டறையில தனித்தனி எடம், புகை இழுக்கற ஃபேன், பழகின கை, லைசென்ஸ் எல்லாம் இருக்கு. மாடிப்படிக்குக் கீழ என்ன இருக்கு? ஒரு டேபிள் ஃபேன்.

சயனைடு வேண்டாம், சில்வர் நைட்ரேட்ல அமோனியா ஊத்தி, பள்ளிக்கூடத்துல கண்ணாடிக் குழாய்ல வெள்ளி படிய வைப்பாங்களே அப்படிப் பண்ணலாமான்னும் தம்பி கேட்டார். அதுல வேற வெனை இருக்கு. அந்தக் கலவையை மிச்சம் வச்சா, நின்னு நின்னு கருப்பா ஒண்ணு அடியில இறங்கும். தொட்டாலே வெடிக்கற சாதி. 'மீதியை நாளைக்கு வச்சுக்கலாம்'னு மூடி போட்டு அலமாரியில வைக்கறதுதானே நம்ம வழக்கம்!

எல்லாம் ஒழுங்கா முடிஞ்சுதுன்னே வச்சுக்கங்க. கடைசியில அந்தத் தண்ணியை எங்க ஊத்தறது? கரைஞ்ச வெள்ளி மீனுக்கு விஷம். சாக்கடையில விட்டா ஏதோ ஒரு கொளத்துலதான் போய்ச் சேரும். பொடக்காளியில ஊத்தினா பக்கத்துலயே கெணறு. ஒரத்துப்பாளையம் அணையை ஒருக்காப் போய்ப் பாத்தவங்களுக்கு நான் ஒண்ணும் சொல்ல வேண்டியதில்லை. பாசனத்துக்குக் கட்டினது, சாயத்தண்ணி தேங்கி, தண்ணியைத் தொறக்காதீங்கன்னு வெவசாயிங்களே கெஞ்சற நெலமைக்கு வந்துச்சு. 2011 ஜனவரியில ஐகோர்ட் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னப்ப நாமெல்லாம் பக்கம் பக்கமா எழுதினோம். அவங்க பொழப்புக்கு ஊத்தினாங்க. நாம பொழுதுபோக்குக்கு ஊத்தலாமா?

அப்ப பட்டறையிலயே குடுத்தா என்னன்னா, குடுக்கலாம். நானும் குடுத்தேன், அதுலயும் மாட்டினேன். பத்துப் பதினஞ்சு வருசம் இருக்கும். ரெண்டு பித்தளைத் தகட்டைக் குடுத்து "வெள்ளி போட்டுக் குடுங்க"ன்னேன். மூணு நாள்ல மொகம் பாக்கற கண்ணாடி மாதிரி வந்துச்சு. மாட்டினா அவுட்புட் முன்னைக்கு இருந்ததை விடக் கம்மி! திரும்பப் போய்க் கேட்டா, அடியில பளபளப்புக்கு நிக்கல் போட்டு, மேல லேசா வெள்ளி காட்டியிருக்காங்க. அவங்க மேல தப்பில்லை, தட்டு டம்ளருக்கு அப்படித்தான் போடுவாங்க. எனக்குத்தான் வாயில்லாமப் போச்சு. நிக்கல் காந்தச் சாதி, ரேடியோ அலைக்குப் பித்தளையை விட மோசம். மேல வெள்ளி மெலிசா இருந்தா கரண்ட் அந்த நிக்கல்லதான் ஓடும். காசு குடுத்து ஆம்ப்ளிஃபயரைக் கெடுத்துக்கிட்டேன். குடுக்கறதா இருந்தா நிக்கலே வேண்டாம், செம்புப் பூச்சு மேல வெள்ளி, 10 மைக்ரானுக்குக் கொறையாம, பளபளப்பு இல்லாட்டியும் பரவால்லன்னு எழுதியே குடுத்துருங்க.

இப்ப தம்பி விசயத்துக்கு வர்றேன். அவர் வீட்ல மொட்டை மாடி ஆன்டெனாவுக்குப் போறது 20 மீட்டர் ஆர்ஜி-58 கேபிள். மெல்லிசு கேபிள். 145-ல அந்த 20 மீட்டர்லயே பாதிக்கு மேல பவர் சூடாப் போயிரும். ஆம்ப்ளிஃபயர்ல அரை வாட்டைப் பிடிக்கச் சயனைடு வரைக்கும் போனவர், கேபிள்ல பாதியைக் கொட்டிட்டு இருக்கார்! கனமான ஆர்ஜி-213 போட்டா அதுல பாதி டெசிபல்கூடப் போகாது. ஹாம்சாட் ஞாபகம் இருக்குங்களா? 2005 மே 5-ந் தேதி நம்ம இஸ்ரோ மேல அனுப்பின குட்டி சாட்டிலைட், 2014 ஜூலை வரைக்கும் ஓடுச்சு. அது 145-ல பேசினது ஒரு வாட் அளவுலதான். மொட்டை மாடியில நின்னு, நாலு அலுமினியக் கம்பியை மரச்சட்டத்துல கட்டின ஆன்டெனாவைக் கையில பிடிச்சுட்டு, அறுநூறு கிலோமீட்டருக்கு மேல இருந்து வந்ததைக் கேட்டிருக்கேன். அந்தக் கம்பியில வெள்ளியும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை.

சாயங்காலம் வரைக்கும் பேசினோம். எங்க வீட்டு அம்மிணி ரெண்டு தடவை காப்பி குடுத்துட்டு, மூணாவது தடவை எட்டிப் பாத்துட்டு உள்ள போயிட்டாங்க. ஏசி மெக்கானிக்கிட்ட மிச்சமான கால் இஞ்ச் செம்புக் குழாய் என்கிட்ட ரெண்டு மீட்டர் கெடந்துச்சு, அதைக் குடுத்தேன். தகட்டுக்குச் செம்பு ஷீட்டை உக்கடம் பழைய மார்க்கெட்ல தேடிப் பாக்கறேன்னார். புளியும் உப்பும் போட்டுக் குத்துவெளக்கு தேய்க்கற மாதிரி தேச்சு, நல்லா அலசி, ஈரம் போகத் துடைச்சு, காண்டாக்ட் வர்ற எடத்தை மட்டும் விட்டுட்டு மெலிசா லாக்கர் அடிச்சா வருசக்கணக்குல கருக்காது.

பாட்டில் இப்ப என் பீரோவுல பூட்டிக் கெடக்கு. வாங்கின கடையில திருப்பி எடுத்துக்குவாங்களான்னு தம்பி கேட்டுச் சொல்றேன்னிருக்கார். நகைப்பட்டறைக்காரருக்கு அவர் என் முன்னாலயே போன் போட்டு "வேண்டாமுங்க"ன்னு சொல்லிட்டார்.

கோயமுத்தூர்ல நிக்கல் போடாம வெள்ளி மட்டும் பூசித் தர்ற பட்டறை யாருக்காவது தெரிஞ்சா பின்னூட்டத்துல சொல்லுங்க. என்கிட்ட இன்னும் ஒரு பித்தளைக் கேவிட்டி பரண் மேல இருக்கு.