அருகில் இருக்கும் மலை

மலை என்றால் உதகை, கொடைக்கானல், குற்றாலம். டோம்பிவிலியில் வாழும் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றில் பிள்ளைகள் இவ்வாறே கேட்டு வளர்கின்றனர். விடுமுறையில் ஊருக்குச் செல்லும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று அந்த ஆசை ஆண்டுதோறும் தள்ளிப்போகிறது. ஊருக்குச் சென்றாலோ, உறவினர் திருமணமும் கோவில் கொடையுமாக நாள்கள் கழிந்துவிடுகின்றன. மலை பார்க்கப்படுவதே இல்லை. இத்தனைக்கும், வானம் தெளிந்த நாளில் டோம்பிவிலி மொட்டைமாடியில் நின்றாலே மலைகள் கண்ணுக்குத் தெரியும்.

அவை வேற்றூர் மலைகள் என்று எண்ணுவது பிழை. மராத்தியர் சஹ்யாத்ரி என்பதும் தமிழர் மேற்குத் தொடர்ச்சி மலை என்பதும் ஒன்றே. தப்தி ஆற்றுக்குத் தெற்கே தொடங்கிக் கன்னியாகுமரிக்கு அருகில் முடியும் இத்தொடரின் நீளம் சுமார் 1,600 கிலோமீட்டர். தெற்கே குற்றாலத்தில் சாரலைக் கொண்டுவரும் அதே தென்மேற்குப் பருவக்காற்றுதான் சில நாள்களில் வடக்கே ஏறி வந்து டோம்பிவிலித் தெருக்களை நனைக்கிறது.

வேறுபாடும் உண்டு. வடபகுதி மலைகள் பல கோடி ஆண்டுகளுக்கு முன் வழிந்தோடிய எரிமலைக் குழம்பு அடுக்கடுக்காக இறுகியவை. அதனால்தான் அவற்றின் உச்சி, கத்தியால் சீவியதுபோல் தட்டையாக இருக்கிறது. தென்பகுதியின் பாறைகள் இவற்றினும் மிகத் தொன்மையானவை.

பழந்தமிழர் மலையும் மலை சார்ந்த இடமுமாகிய நிலத்திற்குக் குறிஞ்சி என்னும் பூவின் பெயரைச் சூட்டினர். பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை பூக்கும் நீலக்குறிஞ்சியைப் பாடநூலில் படிக்கும் மாணவருக்கு, அதன் உறவுச் செடியொன்று சஹ்யாத்ரியில் வளர்வது தெரிவதில்லை. அதன் பெயர் கார்வி. எட்டாண்டுகளுக்கு ஒருமுறை சரிவெங்கும் ஊதா நிறத்தில் பூக்கும். அதன் தண்டுகளை வரிசையாக நிறுத்தி, மண்ணும் சாணமும் பூசி வீட்டுச் சுவர் எழுப்புவது இம்மலைமக்களின் வழக்கம். மும்பையை ஒட்டிய போரிவலிக் காட்டில் அது 2016-இலும் 2024-இலும் பூத்தது. அதைக் காண எத்தனை தமிழ்க் குடும்பங்கள் சென்றிருக்கும்?

ஒரே நாளில் சென்று திரும்ப ஏற்றது மாத்தேரான். மராத்தியில் இப்பெயருக்கு ‘மலைநெற்றியில் உள்ள காடு’ என்று பொருள் கூறுவர். உயரம் சுமார் 800 மீட்டர். 1850-இல் தாணே மாவட்ட ஆட்சியர் ஹியூ மாலெட் இதைக் கண்டுபிடித்தார் என்று எழுதுவது வழக்கம். தாக்கர், தங்கர் முதலிய மக்கள் அதற்கு முன்பே அங்கு வாழ்ந்திருக்க, கண்டுபிடித்தார் என்ற சொல் பொருந்துமா என்று கேட்கத்தான் வேண்டும்.

வண்டி அமர்த்திக்கொண்டு செல்வதே வசதி என்பர் சிலர். முதியோர் உடன் வந்தால் அது நியாயமே. மற்றவர்களுக்கு மின்தொடர் வண்டியே மேல். கர்ஜத் செல்லும் வண்டியில் ஏறினால் கல்யாண், அம்பர்நாத், பத்லாபூர் கடந்து சுமார் ஒரு மணி நேரத்தில் நேரல் வந்துவிடும். ஞாயிற்றுக்கிழமை எனில் ‘மெகா பிளாக்’ அறிவிப்பை முந்தின நாளே பார்த்துக்கொள்வது நல்லது. நேரலிலிருந்து 1907-இல் திறக்கப்பட்ட சிறிய மலை இரயில், இரண்டடி அகலப் பாதையில் சுமார் 21 கிலோமீட்டர் வளைந்து வளைந்து ஏறுகிறது. ஆதம்ஜி பீர்பாய் என்னும் வணிகரின் குடும்பம் அமைத்த பாதை அது. மழைக்காலத்தில் நேரலிலிருந்து அது ஓடாது. அப்போது பகிர்வு வாடகை வண்டியில் தஸ்தூரி வரை செல்லலாம்.

எவ்வளவு விலையுயர்ந்த காராயினும் தஸ்தூரியில் நின்றுவிட வேண்டும். அதற்கு அப்பால் மோட்டார் வாகனங்களுக்குப் பொதுவாக அனுமதியில்லை. கடைத்தெருவை அடையச் செம்மண் பாதையில் சில கிலோமீட்டர் நடக்க வேண்டும். இதைக் குறையெனச் சலித்துக்கொள்வோர் உண்டு. உண்மையில் இந்தத் தடையே மாத்தேரானைக் காத்து வருகிறது. ஒலிப்பான் ஓசை இல்லாத ஒரு நாளை டோம்பிவிலிச் சிறுவன் வேறெங்கே பெறுவான்? கை ரிக்‌ஷாக்களை ஆறு மாதத்திற்குள் நிறுத்துமாறு உச்ச நீதிமன்றம் 2025 ஆகஸ்டில் ஆணையிட்டது. தமிழ்நாடு அவற்றை 1973-லேயே ஒழித்துவிட்டது.

புளியோதரையும் தயிர்ச்சோறும் கட்டிக்கொண்டு போகலாம். குரங்குகளின் கண்ணில் படாமல் உண்ண வேண்டும் என்பதே சிரமம். சார்லட் ஏரியைப் பார்த்துவிட்டு, பள்ளத்தாக்கின் விளிம்பில் நின்றால் எதிரே பிரபல்கடக் கோட்டை தெரியும். மாலையில் வீடு திரும்பும்போது காலணிகளில் படிந்திருக்கும் செம்மண்ணை உதறுகையில், இது நம் ஊர்த் தேரிமண் போலவே இருக்கிறதே என்று பாட்டி சொல்லக்கூடும்.