பழைய விலை கேட்காமல் பழைய படகு வாங்காதீர்கள்

பழைய படகு வாங்கக் கிளம்புகிறவருக்குக் கரையில் முதலில் கிடைக்கும் புத்திமதி இதுதான்: "போன வருஷம் எவன் எவ்வளவுக்கு வித்தான்னு கேட்டுக்கிட்டு அலையாதே. படகைப் பாரு, எஞ்சினை ஓட்டிப் பாரு, மனசுக்குப் பிடிச்சா பேசி முடி." சொல்கிறவர்கள் தொழில் தெரிந்தவர்கள், பல படகுகளை வாங்கி விற்றவர்கள். அதனால் புதிதாக வாங்குகிறவர் மறுபேச்சு பேசாமல் தலையாட்டிவிடுகிறார்.

இந்தப் புத்திமதியில் பாதி சரி. படகைப் பார்க்கத்தான் வேண்டும், எஞ்சினை ஓட்டித்தான் ஆக வேண்டும். ஆனால் படகை எவ்வளவு உற்றுப் பார்த்தாலும் அதன் நிலைதான் தெரியும், விலை தெரியாது. அதே மாதிரிப் படகுக்கு அதே கரையில் அண்மையில் யாரோ எண்ணிக் கொடுத்த பணம்தான் விலைக்கு ஆதாரம். அதைத் தேட வேண்டாம் என்பதற்குச் சொல்லும் காரணங்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்ப்போம்.

"ஒவ்வொரு படகும் ஒவ்வொரு ரகம். ஒன்றை வைத்து இன்னொன்றுக்கு விலை சொல்ல முடியாது."

ரகம் பல என்பதில் சந்தேகமில்லை. ஒரே பட்டறையில் ஒரே அச்சில் எடுத்த இரண்டு ஃபைபர் படகுகள்கூட ஐந்தாறு வருடத்தில் வேறு வேறு படகுகளாகிவிடும். தினமும் மணலில் இழுபடும் படகுக்கு அடிப்பக்கம் தேயும். துறைமுகத்தில் மிதந்தே கிடக்கும் படகுக்கு வேறு விதமான கோளாறு வரும். ஆனால் வேறுபாடு இருக்கிறது என்பதற்காக ஒப்பீடே கூடாது என்று ஆகிவிடாது. வேறுபாட்டைக் கணக்கில் எடுத்துக்கொண்டு ஒப்பிட வேண்டும், அவ்வளவுதான்.

முதலில் இனம் பிரிக்க வேண்டும். பதிவெண்ணில் 'எம்எம்' என்று இருந்தால் விசைப்படகு, 'எம்ஓ' என்று இருந்தால் மோட்டார் பொருத்திய நாட்டுப்படகு. ஒன்றின் விலையை மற்றதற்குப் பேசுவதில் அர்த்தமில்லை. அடுத்து, படகின் விலை என்று ஒற்றைத் தொகையாகச் சொல்வதைப் பிரிக்க வேண்டும். அதற்குள் படகின் உடல், எஞ்சின், வலை, ஜிபிஎஸ், எக்கோ சவுண்டர், வயர்லெஸ் எல்லாம் அடங்கியிருக்கும். பதிவும் உரிமமும் ஒழுங்காக இருக்கும் படகுக்குத் தனி மதிப்பு உண்டு. கூட்டுத்தொகையாகப் பார்க்கும்போது ஒப்பிட முடியாததாகத் தோன்றும் இரண்டு விற்பனைகள், பிரித்துப் பார்த்தால் பக்கத்தில் பக்கத்தில் வந்து நிற்கும்.

கணக்கு விளங்குவதற்காக மட்டும் சில எண்களை வைத்துக்கொள்வோம். ஒரு ஃபைபர் படகு எஞ்சின், வலையோடு 3,60,000 ரூபாய்க்குக் கைமாறியது. அதே அளவுள்ள இன்னொன்று வெறும் உடலாக 2,40,000க்குப் போனது. மூன்றாவது எஞ்சின், வலையோடு 3,10,000க்கு முடிந்தது. பழைய எஞ்சினுக்கு 80,000, வலைக்கு 50,000 என்று கழித்தால், உடலுக்கு மட்டும் விழுந்த விலை முறையே 2,30,000, 2,40,000, 1,80,000. முதல் இரண்டும் ஒட்டி நிற்கின்றன. மூன்றாவது ஏன் கீழே கிடக்கிறது என்று விசாரித்தால், வாங்கியவர் விற்றவரின் மருமகன் என்று தெரியவரும். அதைத் தள்ளிவிடலாம். இப்போது உங்கள் முன்னால் நிற்கும் படகுக்கு எஞ்சின், வலையோடு 4,20,000 கேட்கிறார்கள் என்றால், உடலுக்கு 2,90,000 கேட்கிறார்கள் என்று பொருள். கைமாறிய விலைக்கு மேல் நிற்கும் அந்த ஐம்பது அறுபதாயிரம் எதற்கு என்று விற்பவர் சொல்லியாக வேண்டும். புதிதாக ஃபைபர் பூசியிருந்தால் காட்டட்டும், பில் இருந்தால் எடுக்கட்டும். காட்ட முடியாவிட்டால் எந்தத் தொகையிலிருந்து பேரம் தொடங்க வேண்டும் என்பது உங்களுக்குத் தெரிந்துவிட்டது.

"உண்மை விலையை யாரும் சொல்ல மாட்டார்கள். பிறகு தேடி என்ன பயன்?"

இந்த வாதத்தில் கொஞ்சம் வலு உண்டு. வீட்டுமனைக்கு அரசு வழிகாட்டி மதிப்பு வெளியிடுகிறது. படகுக்கு அப்படி ஒன்று கிடையாது. மீன்வளத் துறையில் பெயர் மாற்றம் நடக்கும், ஆனால் எத்தனை ரூபாய்க்கு முடிந்தது என்று பார்த்துக்கொள்ள ஊருக்குப் பொதுவான பட்டியல் இல்லை. முத்திரைத்தாளில் எழுதிய தொகையை மட்டும் நம்பவும் முடியாது.

ஆனாலும் ஒரு படகு கைமாறினால் அது இரண்டு பேருக்கு மட்டும் தெரிந்த ரகசியமாக இருப்பதில்லை. பல கரைகளில் படகுக்காரர் ஏலக்காரரிடமோ மீன் வியாபாரியிடமோ முன்பணம் வாங்கியிருப்பார். பிடித்து வரும் மீனை அவர் மூலமாகவே விற்க வேண்டும் என்பது ஏற்பாடு. படகை விற்கும்போது அந்தக் கடனைத் தீர்க்கிறார்கள், அல்லது வாங்குகிறவர் தலையில் மாற்றுகிறார்கள். எப்படியானாலும் ஏலக்காரருக்குத் தெரியாமல் விற்பனை முடியாது. எஞ்சினைப் பிரித்துப் பார்த்த மெக்கானிக்குக்கும் ஓரளவு தெரியும். ஊர்ப் பஞ்சாயத்து முன்னிலையில் பேசி முடித்திருந்தால் இன்னும் நாலு பேருக்குத் தெரியும்.

விற்றவர் கௌரவத்துக்காகக் கூட்டிச் சொல்வார். வாங்கியவர் தன் சாமர்த்தியத்தைக் காட்டக் குறைத்துச் சொல்வார். இருவரையும் தனித்தனியே கேட்டால் உண்மை எந்த இரண்டு எண்களுக்கு நடுவில் இருக்கிறது என்று புரியும். அப்போது மறக்காமல் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: "கையில கொடுத்தது எவ்வளவு, கடன்ல கழிச்சது எவ்வளவு?" இரண்டு லட்சம் கொடுத்து ஒரு லட்சம் கடனை ஏற்றுக்கொண்டவர், "ரெண்டு லட்சத்துக்கு முடிச்சேன்" என்றுதான் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருப்பார். அந்தப் படகு மூன்று லட்சத்துக்குப் போயிருக்கிறது.

"தரகர் சொல்கிற விலைதான் சந்தை விலை. நாலு இடத்தில் விசாரித்தால் போதும்."

நாலு இடத்தில் விசாரித்தால் நாலு ஆசைகள் தெரியும். விற்பவர் கேட்கும் விலை அவருக்கு வேண்டிய தொகை. பெண் கல்யாணமோ வட்டிக் கடனோ அதற்குள் ஒளிந்திருக்கும். நான்கு மாதமாக விற்காமல் கிடக்கும் படகின் விலை, அந்த விலைக்கு யாரும் வாங்கவில்லை என்பதற்குத்தான் சாட்சி. அதையே ஆதாரமாக வைத்துப் பேரம் பேசுகிறவர், ஊரே வேண்டாம் என்று ஒதுக்கிய எண்ணிலிருந்து தொடங்குகிறார். "அஞ்சு சொல்றாங்க, நாலரைக்கு முடிச்சுத் தர்றேன்" என்று தரகர் சொல்லும்போது அரை லட்சம் லாபம் போலத் தெரியும். மூன்றே முக்காலுக்குப் போக வேண்டிய படகு அது என்று தெரிந்தவருக்கு அது முக்கால் லட்சம் நஷ்டம்.

அமெரிக்காவில் உல்லாசப் படகுத் தரகர்கள் கேட்கும் விலையையும் விற்று முடிந்த விலையையும் தனித்தனியாகவே வைத்திருக்கிறார்கள். யாட்வேர்ல்ட் என்ற விற்பனைத் தளத்தில் பொதுமக்கள் பார்ப்பது கேட்கும் விலை. விற்று முடிந்த படகுகளின் விலைப் பட்டியல் உறுப்பினரான தரகர்களுக்கு மட்டும் திறக்கும். விவரம் தெரிந்தவர்கள் பேரத்துக்கு முன்பே தங்கள் தரகரிடம் அந்தப் பட்டியலைக் கேட்டு வாங்கிவிடுகிறார்கள். அதிலும் படகின் நிலை என்ன, கூட என்னென்ன போனது என்பது முழுமையாக இருக்காது. ஆகவே அங்கும் கழித்துக் கூட்டித்தான் பார்க்க வேண்டும்.

"நல்ல ஓடாவியைக் கூட்டிப் போனால் போதாதா?"

படகு கட்டும் தச்சரான ஓடாவியைக் கூட்டிப் போகாமல் படகு வாங்கவே கூடாது. முன்பக்க அணியத்திலிருந்து பின்பக்க அமரம் வரை சிறு சுத்தியலால் தட்டிக்கொண்டே போவார். ஓசை கணீரென்று வரும் இடத்தில் நிற்க மாட்டார். மந்தமாகக் கேட்டால் நின்று, அதே இடத்தைச் சுற்றிச் சுற்றித் தட்டுவார். ஃபைபர் அடுக்குகள் பிரிந்திருந்தாலோ உள்ளே மூடிய மரம் நீர் குடித்து உளுத்திருந்தாலோ ஓசை செத்துப் போயிருக்கும். எஞ்சின் உட்காரும் மரத்தில் ஆணியால் குத்திப் பார்ப்பார். மேலே பளபளவென்று அடித்த புதுப் பெயின்ட்டுக்கு அவர் மயங்குவதில்லை.

இவ்வளவும் பார்த்துவிட்டு அவர் சொல்வது, "பழுதுபார்க்க இன்னும் நாற்பதாயிரம் ஆகும்" என்பது. நாற்பதாயிரத்தை எதிலிருந்து கழிப்பது? கைமாறிய விலையிலிருந்து கழித்தால் அது நியாயமான விலை. விற்பவர் மனம்போல் சொன்ன விலையிலிருந்து கழித்தால், ஊதிய தொகையில் கொஞ்சம் காற்றை இறக்கியதுதான் மிச்சம். ஓடாவியின் கண்ணும் பழைய விலையும் சேர்ந்தால்தான் கணக்கு முடியும்.

"போன வருஷ விலை இந்த வருஷம் செல்லாது. தொழிலே மாறிவிட்டது."

கரையில் சொல்லும் காரணங்களில் வலுவானது இதுதான். தொழில் மாறுவதும் விலை தாவுவதும் நிஜம். 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பிறகு கரையெங்கும் ஃபைபர் படகுகள் உதவியாக வந்து இறங்கின. தேவைக்கு மேல் படகு குவிந்த காலத்து விலையை இன்று யாரும் எடுத்துக்காட்ட முடியாது. சுருக்குமடி வலைக்குத் தமிழ்நாட்டில் 2000லேயே தடை வந்தது. 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இடைக்கால உத்தரவாக, 12 கடல் மைலுக்கு அப்பால், திங்கள், வியாழன் ஆகிய இரு நாட்கள் மட்டும், நிபந்தனைகளோடு அனுமதித்தது. அந்த வலைக்கென்றே கட்டிய படகின் மதிப்பு அந்த உத்தரவுக்கு முன் ஒன்று, பின் ஒன்று. 24 மீட்டருக்கு மேல் நீளமுள்ள படகையும் 240 குதிரைத்திறனுக்கு மேற்பட்ட எஞ்சினையும் மாநில விதிகள் அனுமதிப்பதில்லை. அதிவேக எஞ்சினுக்காக ஒரு காலத்தில் கூடுதலாகக் கொடுத்த பணத்தை இன்று வாங்குகிறவர் கொடுக்கத் தேவையில்லை.

ஆண்டுக்குள்ளேயும் விலை ஏறி இறங்கும். கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம். படகைக் கரையேற்றிப் பழுதுபார்க்கக் காசில்லாதவர் அந்தச் சமயத்தில் விற்கத் துடிப்பார். தடை முடியும் வாரத்தில் வாங்குகிறவர்தான் துடிப்பார். மே மாதம் முடிந்த விலையை ஜூன் பத்தாம் தேதி பேசினால் ஒத்துவராது.

இதிலிருந்து தெரிவது என்ன? பழைய விலையைத் தேதியோடு கேட்க வேண்டும் என்பது. எந்த மாதம், அப்போது என்ன விதி, என்ன வலை என்று சேர்த்துக் கேட்டால் அந்த விலை நமக்குப் பயன்படும். தேதி இல்லாத விலை வெறும் வதந்தி. பழைய விலையே வேண்டாம் என்று தள்ளினால், விலை இப்போது ஏறுமுகமா இறங்குமுகமா என்பதைக்கூட விற்பவர் வாயிலிருந்துதான் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கும்.

எல்லா விற்பனை விலையும் ஆதாரமாகாது என்பதையும் சொல்லியாக வேண்டும். இலங்கையில் பிடிபட்டுப் பல ஆண்டுகள் கரையில் கிடந்த இந்தியப் படகுகள் நூற்றுக்கும் மேற்பட்டவை 2022 பிப்ரவரியில் காரைநகர் உள்ளிட்ட இடங்களில் ஏலம் விடப்பட்டன. பராமரிப்பில்லாமல் சிதைந்து, பலகைக்கும் இரும்புக்கும் போன அந்தத் தொகைகள், தொழிலில் ஓடிக்கொண்டிருக்கும் படகின் விலை ஆகாது. கடன்காரர் பறிமுதல் செய்து விற்றது, பங்காளிகள் பிரியும்போது ஒருவர் மற்றவருக்கு எழுதிக் கொடுத்தது, சொந்தத்துக்குள் முடித்தது ஆகியவையும் அப்படித்தான். அண்ணன் தம்பிக்குக் கொடுத்த விலையை அடுத்தவரிடம் கேட்டால் கிடைக்காது. கட்டாயமோ உறவோ இல்லாமல், விற்கலாம் என்று நினைத்தவரும் வாங்கலாம் என்று நினைத்தவரும் பேசி முடித்த விலைதான் நமக்கு வேண்டியது.

படகு வாங்கப் போகிறவர்கள் ஒரு நோட்டில் ஆறு பத்தி போட்டுக்கொள்ளுங்கள்: தேதி, நீளமும் வயதும், எஞ்சின், கூடப் போன வலையும் கருவிகளும், கையில் கொடுத்தது, கடனில் கழித்தது. உங்கள் கரையிலும் பக்கத்துக் கரையிலும் கடந்த ஒரு வருடத்தில் கைமாறிய மூன்று நான்கு படகுகளை அதில் எழுதினாலே போதும். மீனவர் கூட்டுறவுச் சங்கங்கள் பெயர் போடாமல் இப்படி ஒரு பதிவேட்டை வைத்திருந்தால், ஒவ்வொரு வீடும் தனித்தனியே அலைய வேண்டியதில்லை. சங்கம் செய்யும் வரை நாமே செய்துகொள்ள வேண்டியதுதான்.

படகில் போடுகிற பணம் பெரும்பாலும் நகையை அடகு வைத்தும் வட்டிக்கு வாங்கியும் திரட்டிய பணம். அதைக் கொடுக்கும் முன் பத்து வீட்டு வாசலில் நின்று விலை கேட்பதில் கௌரவக் குறைச்சல் எதுவும் இல்லை. கைமாறிய விலை மூன்றாவது உங்கள் நோட்டில் ஏறும்வரை முன்பணம் கொடுக்காதீர்கள்.