ஆளுக்கொரு வீடு போதாது

படித்து, சிக்கனமாக இருந்து, ஆளுக்கொரு வீடு வாங்கிவிட்டால் அமெரிக்கக் கறுப்பர்கள் சொத்தில் வெள்ளையர்களை எட்டிப்பிடித்துவிடலாம் என்று காலங்காலமாகச் சொல்லிவருகிறார்கள். இது பொய்யான ஆறுதல். 2022ஆம் ஆண்டு மத்திய வங்கிக் கணக்கெடுப்பில் நடுத்தர நிலையிலுள்ள வெள்ளைக் குடும்பத்தின் சொத்து சுமார் 2,85,000 டாலர். கறுப்புக் குடும்பத்துக்கு 45,000 தான்.

சேமிக்கத் தெரியாதவர்களா இவர்கள்? அடிமைத்தளை அறுந்து ஐம்பது ஆண்டு ஆவதற்குள், 1910 வாக்கில், சுமார் 1.5 கோடி ஏக்கர் நிலம் வாங்கியிருந்தார்கள். அதில் பெரும்பகுதி இன்று அவர்கள் கையில் இல்லை.

நிலம் போன வழிகளில் ஒன்றைப் பாருங்கள். பெரியவர் உயில் எழுதாமல் கண்ணை மூடுகிறார். நிலம் பாகம் பிரியாமல் பேரப்பிள்ளைகள்வரை இறங்குகிறது. வடக்கே ஏதோ நகரத்தில் வாழும் ஒரு பேரனின் பங்கை மட்டும் வெளியாள் ஒருவர் சல்லிசாக வாங்கி, பாகப்பிரிவினை கேட்டு கோர்ட்டுக்குப் போகிறார். பிரிக்க வழியில்லை, விற்றுப் பணத்தைப் பங்கிடுங்கள் என்று தீர்ப்பாகிறது. ஏலத்தன்று ரொக்கத்தோடு வந்து நிற்பவர் அதே வெளியாள். உழுதுகொண்டிருந்த குடும்பம் வெளியேறுகிறது. எல்லாம் சட்டப்படி!

ஆகவே வேண்டியது ஆளுக்கொரு சொத்தல்ல, பொதுச் சொத்து. பாகம் பிரியாத அந்த நிலமும் கூட்டுச் சொத்துதானே என்று கேட்கலாம். இல்லை. ஒவ்வொரு பங்கும் தனியாக விலைபோகும் சொத்து அது. ஊரே சேர்ந்து வைத்திருக்கும் நிலம் வேறு. 1969இல் ஜார்ஜியாவில் சார்லஸ் ஷெராட், ஷெர்லி ஷெராட் முதலானோர் 'நியூ கம்யூனிட்டீஸ்' தொடங்கிச் சுமார் 5,700 ஏக்கரைப் பொதுவில் வாங்கினார்கள். நிலத்தை ஊர்ப் பொதுவாக்கும் வினோபாவின் கிராமதானம் அவர்களுக்கு ஒரு முன்மாதிரி. வறட்சி வந்தபோது அரசுக் கடன் நேரத்துக்குக் கிடைக்கவில்லை. 1985இல் நிலம் கைவிட்டுப் போனது. 'பொதுவுடைமை தோற்றது' என்று இதைக் காட்டுவது அநியாயம். கடனில் காட்டிய இனப் பாகுபாட்டுக்காக அரசே 2009இல் சுமார் 1.2 கோடி டாலர் இழப்பீடு தர வேண்டிவந்தது. அந்தப் பணத்தில் அவர்கள் வாங்கியது, ஒரு காலத்தில் அடிமைகள் உழைத்த தோட்டத்தை. அதுவும் பொதுவில்தான்.

அவர்கள் போட்ட பாதையில் இன்று நாடெங்கும் நில அறக்கட்டளைகள் இருக்கின்றன. மனை அறக்கட்டளைக்கு, வீடு குடும்பத்துக்கு, பெரும்பாலும் 99 ஆண்டுக் குத்தகை. விற்கும்போது விலைக்கு வரம்பு உண்டு. இதனால் ஏழைக்கு லாபம் குறைகிறது என்கிறார்கள். குறைகிறதுதான். ஆனால் 2008 வீட்டுக்கடன் சரிவுக்குப் பிறகு இந்த வீடுகளில் ஜப்தி மிகக் குறைவு. வீடே பறிபோனவருக்கு எந்த லாபம்?

பாஸ்டனில் கறுப்பர்களும் லத்தீன் மக்களும் வாழும் டட்லி தெருவின் குடியிருப்போர் அமைப்புக்கு, காலிமனைகளை ஆர்ஜிதம் செய்யும் அதிகாரத்தையே 1988இல் அந்நகரம் கொடுத்தது. மற்ற நகரங்களும் அந்த அதிகாரத்தைக் கொடுக்கட்டும். அதைச் செய்யாமல் கறுப்பர்களுக்குச் சிக்கனம் போதிக்க எவருக்கும் உரிமையில்லை.