'சி'யில் தொடங்கும் சாமிநாதையர்

உ.வே.சாமிநாதையர் பதிப்பித்த நூலொன்றின் பழைய பிரதி எங்கே கிடைக்கும் என்று கேட்டு ஓர் ஆய்வு மாணவி நூலகத்துக்கு வருகிறார். உலக நூலகங்களின் பட்டியலில் நூலகர் ஆங்கிலத்தில் 'எஸ்' போட்டுத் தேடுகிறார். கிடைப்பது கொஞ்சம்தான். காரணம், அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் பின்பற்றும் எழுத்துப்பெயர்ப்பு முறையில் நம் 'ச' எப்போதும் ஆங்கில 'சி' (c) எழுத்துதான். ஐயர் பெயர் அங்கே 'சி'யில் தொடங்குகிறது. 'த'வுக்கு வெறும் 'டி' (t) தான், பக்கத்தில் 'எச்' வராது. திருக்குறளையும் அப்படித்தான் தேட வேண்டும். இந்த ஒரு சங்கதி தெரிந்தால் பல நூல்கள் மேலெழுந்து வரும். இணையத் தேடலின் மற்ற உத்திகளான, தொடரை மேற்கோள்குறிக்குள் இட்டுத் தேடுவது, ஒரே தளத்துக்குள் தேடலைச் சுருக்குவது, மறைந்துபோன இணையப் பக்கத்தை வேபேக் மெஷினில் மீட்பது எல்லாம் அரை நாளில் கற்றுக்கொள்ளக்கூடியவை. எழுத்துப்பெயர்ப்பு அப்படியல்ல, உட்கார்ந்து பழக வேண்டும். கூகுள் வந்தபின் நூலகர் எதற்கு என்று கேட்பவர்கள், அந்த மாணவி வெறுங்கையோடு திரும்புவதைப் பார்த்ததில்லை. நூலகங்களுக்குக் கணினி வாங்க நிதி ஒதுக்குகிறவர்களே, அதில் தேடக் கற்றுத்தரவும் ஆண்டுக்கு இரண்டு நாள் ஒதுக்குங்கள்.