“தொடாதே” என்பவர் எழுதித் தருவாரா?

ஏற்காட்டில் ஹோம்ஸ்டே, எஸ்டேட் ஆபீஸ், பள்ளி லேப் வைத்திருப்பவர்களுக்கு எதிராளி தரும் யோசனை இதுதான்: சர்வரில் ஓடும் லினக்ஸான சென்ட்ஓஎஸ் 7-ஐத் தொடாதீர்கள். நெட்வொர்க் கார்டுக்கான பழைய ஐஎஃப்சிஎஃப்ஜி ஸ்கிரிப்ட் எளிமையானது, நாலு வரி திருத்தினால் போதும். அதற்குப் பதிலாக வந்த நெட்வொர்க்மேனேஜர் என்பது ரெட்ஹாட் என்ற பெரிய கம்பெனி நம் தலையில் கட்டிய சுமை. கேட்கச் சுகமாக இருக்கிறது. சேலத்தில் உட்கார்ந்து சொல்ல இன்னும் சுகம். இருபது கொண்டை ஊசி வளைவு ஏறிப்போய்ச் சரிசெய்கிறவர் வேறு ஆள்.

கோடையில் சேர்வராயன் மலையில் இடி மழை தொடங்கினால் கரண்ட் போய்ப் போய் வரும். யுபிஎஸ் தயவில் சர்வர் முதலில் எழுந்துவிடும். சுவர் பிளக்கில் செருகிய சுவிட்ச் எழுந்திருக்காது. பழைய ஸ்கிரிப்ட் சில விநாடி பார்த்துவிட்டு, ‘நோ லிங்க் பிரசென்ட். செக் கேபிள்?’ என்று ஒரு வரி எழுதி வேலையை முடித்துக்கொள்ளும். பிறகு சுவிட்ச் எழுந்தாலும் அது திரும்பிப் பார்க்காது. கேபிள் நன்றாகத்தான் இருக்கும், பாவம், ரிசப்ஷனில் இருக்கும் பையன் அதைப் பிடுங்கிப் பிடுங்கிச் செருகிக்கொண்டிருப்பான். லிங்க்டிலே என்று ஒரு வரி சேர்க்கலாமே என்பார். எத்தனை விநாடி? கரண்ட் எப்போது நிலைக்கும் என்று மின்வாரியத்துக்கே தெரியாது. நெட்வொர்க்மேனேஜரோ இணைப்பு வந்த கணமே தானாக முகவரி வாங்கிவிடும்.

நெட்வொர்க் கார்டுக்கு வரும் இஎன்பி3எஸ்0 என்ற பெயரைப் பார்த்து அவருக்குச் சிரிப்பு வருகிறது. மூன்றாம் பஸ், பூஜ்யம் ஸ்லாட் என்பதுதான் அதன் பொருள். இடியில் கார்டு கருகினால், அதே ஸ்லாட்டில் புதிதைச் செருகுங்கள், பெயர் மாறாது. சென்ட்ஓஎஸ் 6-ல் புதுக் கார்டு ஈத்1 ஆகிவிடும், ஸ்கிரிப்ட் செத்துப்போன ஈத்0-க்குக் காத்திருக்கும். வேறொரு கார்டைக் கூடுதலாகச் செருகினால் பஸ் எண் நகரலாம். அந்தக் குறை உண்டு. ஆனால் இந்தப் பெயர்முறையும் நெட்வொர்க்மேனேஜரும் அவர் கட்டிக்கொண்டு அழும் 7-லேயே வந்துவிட்டன. அதற்கு மூலமான ரெட்ஹாட் 7 வெளியானது 2014-ல்!

அடுத்து அந்த ‘எளிமை’. ஐஎஃப்சிஎஃப்ஜி கோப்பைப் பழைய ஸ்கிரிப்ட் வாசிப்பதில்லை, ஷெல்லில் ஓட்டுகிறது. பெயர் வரியில் மேற்கோள்குறி போடாமல் ஓர் இடைவெளி விட்டு ஒரு கட்டளையை எழுதிவையுங்கள். இணைப்பு எழும்போது ரூட் அதிகாரத்தோடு அது ஓடும். 2018-ல் நெட்வொர்க்மேனேஜரிலும் ஓட்டை வந்ததே என்று அவர் கேட்கக்கூடும். வந்தது. டிஎச்சிபி பொதியோடு ரெட்ஹாட் சேர்த்துக் கொடுத்த ஷெல் ஸ்கிரிப்டில்தான் வந்தது.

நெட்வொர்க்மேனேஜரின் புதிய கோப்பு வடிவம் திருத்த முடியாத பூட்டுப் பெட்டி என்பது வெறும் புளுகு. அதுவும் சாதாரண எழுத்துக் கோப்புதான், விஐ-யிலேயே திறக்கும். இவர் திறந்து பார்க்கவில்லை, அவ்வளவுதான். ரெட்ஹாட் 9-ல், 2022-லேயே, பழைய ஸ்கிரிப்டுகள் நீக்கப்பட்டுவிட்டன. ஐஎஃப்சிஎஃப்ஜி கோப்புகளைப் புதிய வடிவத்துக்கு மாற்ற ‘என்எம்சிஎல்ஐ கனெக்ஷன் மைக்ரேட்’ என்ற ஒற்றைக் கட்டளை போதும்.

சென்ட்ஓஎஸ் 7-க்கான ஆதரவு 2024 ஜூன் 30-உடன் முடிந்தது. சென்ட்ஓஎஸ் திட்டத்திடமிருந்து பாதுகாப்புத் திருத்தம் இனி வராது. எஸ்டேட் கூலிக் கணக்கும் விருந்தினர் கொடுத்த ஆதார் நகலும் அந்த மெஷினில்தான் கிடக்கின்றன. தொடாதே என்றவர், களவு போனால் என் பொறுப்பு என்று கையெழுத்துப் போட்டுத் தரட்டும்.