தேர்வறைச் சலுகை மட்டும் போதுமா?

டிஸ்லெக்சியா என்னும் கற்றல் குறைபாடு உள்ள மாணவர்களுக்குப் பொதுத்தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர் போன்ற சலுகைகள் உண்டு. ஆனால், அதற்குள் பிள்ளைக்குப் பதினைந்து வயதாகி, ‘மக்கு’, ‘சோம்பேறி’ என்ற பட்டங்களும் சேர்ந்துவிடுகின்றன. கற்றல் குறைபாட்டைக் கூடிய விரைவில் கண்டறிந்து, அதற்கேற்பக் கற்பிக்க வேண்டும் என்கிறது 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம்.

எப்படிக் கண்டறிவது? ‘கெ’ என்ற எழுத்தில் பின்னால் ஒலிக்கும் உயிருக்கான குறி முன்னால் நிற்கிறது. தொடக்கத்தில் எல்லாக் குழந்தைகளும் இதில் தடுமாறுவார்கள். இரண்டாம் வகுப்பு முடிந்தும் தடுமாறும் பிள்ளையை வட்டார வள மையச் சிறப்பாசிரியர் நேரில் பார்த்து, வகுப்பாசிரியருக்கு வழிகாட்ட வேண்டும். அதுவரை, எழுத்துத்தேர்வோடு வாய்மொழித் தேர்வையும் கணக்கில் எடுக்கலாமே! கல்வித்துறை ஆவன செய்யுமா?

– தொடக்கப்பள்ளி ஆசிரியை ஒருவர், திண்டுக்கல்